பழைய சில்வர் அடைப்பை அகற்றுவது எப்படி: பாதரச ஆவியைக் கட்டுக்குள் வைக்கும் முழுமையான வழிகாட்டி

சில்வர் ஃபில்லிங் என்று எல்லோரும் சொல்லும் அமால்கம் அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பல்லில் அசையாமல் இருக்கும்போது அதிலிருந்து கசியும் ஆவி நாளொன்றுக்குச் சில மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும். ஏரோட்டரை (பல்லை வெட்டும் அதிவேகச் சுழல்கருவி) வைத்து வெட்டும் அந்தச் சில நிமிடங்களில்தான் அது எகிறுகிறது. நோயாளி அந்த ஆவியை ஒருமுறை சுவாசிக்கிறார். மருத்துவரும் உதவியாளரும் அதே அறையில் வருடக்கணக்கில் சுவாசிக்கிறார்கள்.

ஒரு நாற்காலி, ஒரு உதவியாளர், ஒரு ஏசி என்று நடக்கும் சிறிய கிளினிக்கை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. அடைப்பு வைத்திருப்பவர்கள் 1, 2, 4, 11 ஆகிய பகுதிகளை மட்டும் படித்தாலும் போதும்.

1. எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நன்றாக இருக்கும் அடைப்பை, பாதரசம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எடுக்க வேண்டாம். எடுக்கும்போது பாதரச அளவு தற்காலிகமாகக் கூடும், நல்ல பல்லும் கொஞ்சம் கரையும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 செப்டம்பரில் வெளியிட்ட பரிந்துரையும் இதையே சொல்கிறது. கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், நரம்பியல் நோய் உள்ளவர்கள், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், பாதரச ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதைத் தவிர்க்கச் சொல்லும் அதே பரிந்துரை, ஏற்கெனவே இருக்கும் நல்ல அடைப்பை மருத்துவக் காரணமின்றி எடுக்கச் சொல்லவில்லை.

எடுக்க வேண்டிய காரணங்கள் வேறு: ஓரத்தில் மறுபடி சொத்தை, அடைப்பில் அல்லது பல்லில் விரிசல், உடைந்து கூர்மையாக நிற்கும் விளிம்பு, ரூட் கெனால் செய்ய வேண்டிய நிலை. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அடைப்பை ஒட்டியிருக்கும் கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளை வரிகளும் சிவந்த புண்ணும் அந்த ஒரு இடத்தில் மட்டும் இருந்தால், அது அமால்கத்துக்கான ஒவ்வாமைப் புண்ணாக இருக்கலாம். அப்போது எடுப்பதே சிகிச்சை.

கர்ப்பிணியாக இருந்தால், வலியோ சீழோ இல்லாதவரை பிரசவம் வரை தள்ளிப்போடுங்கள். பாதரச ஆவி நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லும்.

2. அது அமால்கம்தானா என்று உறுதி செய்யுங்கள்

சாம்பல் நிறத்தில் இருப்பதெல்லாம் அமால்கம் கிடையாது. நம் ஊர்க் கிளினிக்குகளில் ‘மிராக்கிள் மிக்ஸ்’ நிறையப் போட்டிருக்கிறார்கள். அது கண்ணாடி அயனோமர் பொடியில் வெள்ளிக் கலவைப் பொடியைச் சேர்த்தது, பாதரசம் இல்லை. மங்கலான, தேய்ந்த, சிமென்ட் போன்ற மேற்பரப்பு இருந்தால் அதைச் சந்தேகியுங்கள். அமால்கம் பழசானாலும் முனையால் சுரண்டினால் உலோகப் பளபளப்பு தெரியும்.

ஒரு பைட்விங் எக்ஸ்ரே (பற்களைக் கடித்த நிலையில் எடுப்பது) எடுத்துவிடுங்கள். அடைப்பு எவ்வளவு ஆழம், பல்லின் உயிர்ச்சதைக்கு எவ்வளவு அருகில், அடியில் தளப்பொருள் இருக்கிறதா என்பது தெரியாமல் வெட்ட ஆரம்பித்தால், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மொத்தத்தையும் பொடியாக்கிக்கொண்டே போவீர்கள். பொடியாக்குவதுதான் தவிர்க்க வேண்டியது. ஏன் என்பது 6-ஆம் பகுதியில்.

3. அறையையும் சக்‌ஷனையும் சரிபாருங்கள்

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. அறைக்குள் இருப்பதையே சுற்றிச் சுற்றி விடும். வெட்டத் தொடங்கும் முன்பே ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். முடித்த பிறகும் அரை மணி நேரமாவது ஓடட்டும். காற்று நோயாளியின் தலைப்பக்கமிருந்து உங்கள் முகத்தை நோக்கி வராதபடி நாற்காலியின் திசையையும் ஒருமுறை யோசியுங்கள். அறைக்குள் நடமாடும் ஆட்களையும் குறையுங்கள். நோயாளியோடு வந்த குழந்தை வெளியே உட்காரட்டும்.

சக்‌ஷன் இதைவிட முக்கியம். எச்சில் உறிஞ்சும் மெல்லிய குழாய் இதற்குப் போதாது. அகலமான வாய் கொண்ட வேகமான சக்‌ஷன் வேண்டும். கண்ணாடி ஜாடி வைத்த, சக்கரத்தில் நகரும் சக்‌ஷன் மெஷின் வைத்திருப்பவர்கள் அதன் காற்று எங்கே வெளியேறுகிறது என்று குனிந்து பாருங்கள். பெரும்பாலும் அதே அறையில், தரையோடு. வாயிலிருந்து உறிஞ்சிய ஆவி முழங்கால் உயரத்தில் திரும்ப அறைக்கு வந்துவிடுகிறது. ஒரு குழாய் மாட்டி அந்தக் காற்றை ஜன்னலுக்கு வெளியே, யாரும் நிற்காத பக்கமாக விடுங்கள். இந்த வழிகாட்டியில் இருப்பதிலேயே மலிவான, அதிகப் பலன் தரும் மாற்றம் இதுதான்.

மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை: ரப்பர் டேம் (வேலை செய்யும் பல் மட்டும் வெளியே தெரியும்படி வாயை மூடும் ரப்பர் விரிப்பு), அதைப் பல்லில் பிடித்து நிறுத்தும் கிளாம்ப், ஃப்ளாஸ் எனும் பல்லிடை நூல், புது கார்பைட் பர் (ஏரோட்டரில் மாட்டும் வெட்டு முனை) இரண்டு, ஸ்பூன் எக்ஸ்கவேட்டர் (கரண்டி முனை கொண்ட சுரண்டும் கருவி), இடுக்கி, திருகு மூடி போட்ட, ‘அமால்கம்’ என்று எழுதிய அகலவாய் பிளாஸ்டிக் டப்பா, இரண்டு ஜோடி நைட்ரைல் கையுறை. பழைய பரை ‘இன்னும் ஒரு பல்லுக்குத் தாங்கும்’ என்று எடுத்து வைக்காதீர்கள். மழுங்கிய பர் வெட்டாது, உரசும். உரசினால் சூடு, சூட்டில் ஆவி. டைமண்ட் பர் உலோகத்தில் அடைத்துக்கொண்டு இன்னும் சூடாக்கும்.

முகக்கவசம் பற்றி ஒரு தவறான நிம்மதி உண்டு. சர்ஜிக்கல் மாஸ்க்கும் என்95-ம் துகளுக்கானவை. பாதரச ஆவி இரண்டையும் கடந்து போகும். தினமும் பல அடைப்புகளை எடுக்கும் இடமானால், பாதரச ஆவிக்கென்று குறிக்கப்பட்ட கேட்ரிட்ஜ் பொருத்திய சுவாசக்கவசம் வாங்குங்கள். மாதத்தில் ஒன்றிரண்டுதான் என்றால் சக்‌ஷனையும் காற்றோட்டத்தையும் சரிசெய்வதில் பணத்தைப் போடுங்கள். துகளும் தெறிக்கும் என்பதால் மாஸ்க், கண்ணாடி, முகத்தடுப்பு எப்படியும் வேண்டும்.

4. நோயாளியைத் தயார்படுத்துங்கள்

கழுத்து முதல் மடி வரை நீர் ஊறாத விரிப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, தலைமுடிக்குத் தொப்பி. தாலிக்கொடி, சங்கிலி, கம்மலைக் கழற்றவோ விரிப்புக்கு உள்ளே மறைக்கவோ சொல்லுங்கள். மருத்துவரும் உதவியாளரும் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். பாதரசம் தங்கத்தோடு சட்டென்று கலக்கும். வெள்ளையாகிவிட்ட மோதிரத்தைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

மூக்கால் மூச்சுவிடச் சொல்லுங்கள். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் வேறு நாளுக்கு மாற்றுங்கள். கரித்தூள் மாத்திரை, குளோரெல்லா என்று முன்கூட்டியே சாப்பிடக் கொடுப்பது வழக்கமாகி வருகிறது. ஆவி உடலுக்குள் போகும் வழி நுரையீரல். உள்ளிழுத்ததில் சுமார் 80 சதவீதம் உடலில் தங்கிவிடும். வயிற்றுக்குப் போகும் அமால்கத் துணுக்கிலிருந்து மிகச் சிறிதளவே உறிஞ்சப்படும். வயிற்றில் கரித்தூளைப் போட்டு நுரையீரலைக் காப்பாற்ற முடியாது.

ஒரே நாளில் எல்லா அடைப்பையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு அமர்வுக்கு வாயின் நான்கில் ஒரு பாகம் என்பதைத் தாண்டாதீர்கள். அந்த ஒரு பகுதிக்குள் இருப்பதை ஒரே டேமில் முடித்துவிடலாம்.

5. டேம் போடுங்கள், அடியில் ஒரு குழாயும் வையுங்கள்

ரப்பர் டேம் துணுக்கைத் தடுக்கும். ஆவியை முழுதாகத் தடுக்காது. பல்லைச் சுற்றி விளிம்பு உள்மடியாமல் இருந்தால் தண்ணீரோடு சேர்ந்து கலங்கலும் வாய்க்குள் இறங்கும். அதனால் மூன்று காரியம்: ஃப்ளாஸால் விளிம்பை ஈறுப்பக்கம் உள்ளே தள்ளுங்கள், ஓட்டை தெரிந்தால் தடுப்புப் பசை போட்டு அடையுங்கள், டேமுக்கு அடியில் எச்சில் உறிஞ்சும் குழாயை விட்டு ஓடவிடுங்கள். மேலே பெரிய சக்‌ஷன், கீழே சிறியது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ‘சின்ன அடைப்புதானே’ என்று டேமை விட்டுவிடுகிறார்கள். சின்ன அடைப்பைத்தான் முழுக்கப் பொடியாக்கி எடுக்க வேண்டிவரும்.

6. வெட்டும் முறை: பொடியாக்காதீர்கள், துண்டாக எடுங்கள்

வேலையின் மையம் இங்கேதான். அமால்கத்தை முழுக்க அரைத்து எடுத்தால் அதன் மேற்பரப்பு பல மடங்கு பெருகும். சூடும் சேர்ந்தால் அத்தனை துகளும் ஆவிவிடும். பெரிய துண்டாகப் பெயர்ந்து வந்தால் வெட்டுப்பட்ட கோடு மட்டுமே ஆவிவிடும். சக்கரையைப் பொடித்துப் போட்டால் உடனே கரைவதும் கட்டியாகப் போட்டால் நேரமாவதும் போலத்தான்.

வரிசை இப்படி:

அ) சக்‌ஷனை முதலில் போடுங்கள். முனை பல்லிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உதவியாளர் அதை வைத்து நிலைப்படுத்திய பிறகே ஏரோட்டரை மிதியுங்கள். எதிர் வரிசையில் செய்வதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. பர் சுழலத் தொடங்கியதும் பறக்கும் முதல் தூசி நேராக முகத்துக்கு வருகிறது.

ஆ) தண்ணீர்த் தெளிப்பு முழு அளவில் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்று தண்ணீரைக் குறைத்துவிட்டு வெட்டாதீர்கள். தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள், உறிஞ்சுங்கள், பாருங்கள், மறுபடி தொடங்குங்கள்.

இ) அடைப்பின் நடுவே ஒரு நீளக்கோடு வெட்டுங்கள். மேல்பரப்போடு நின்றுவிடும் அடைப்பானால் குறுக்கே இன்னொரு கோடு, நான்கு துண்டாகும். பல்லிடைப் பக்கம் இரண்டிலும் இறங்கும் பெரிய அடைப்பானால், அது குறுகும் இடத்தில் வெட்டி முன்பகுதி, பின்பகுதி என்று பிரியுங்கள்.

ஈ) கோட்டின் ஆழம் தரையைத் தொடும் முன் நிறுத்துங்கள். எக்ஸ்ரேயில் பார்த்த ஆழம் இங்கே பயன்படும். பிறகு ஸ்பூன் எக்ஸ்கவேட்டரைக் கோட்டுக்குள் விட்டு மெல்லத் திருப்புங்கள். துண்டு அசையும். அசையாவிட்டால் கோட்டை இன்னும் கொஞ்சம் ஆழமாக்குங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள்.

உ) நெம்பும் பலம் எப்போதும் அமால்கத்தின் மீதே சாய வேண்டும். பக்கத்துச் சுவர் மெலிந்திருந்தால் அதில் சாய்த்து நெம்பியவுடன் சுவர் உடையும். பழைய அடைப்புள்ள பல்லில் விரிசல் கோடுகள் சகஜம், ஆகவே சுவரின் மீது வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டே நெம்புங்கள்.

ஊ) வந்த துண்டை இடுக்கியால் எடுத்து நேராக டப்பாவில் போடுங்கள். சிறு துண்டை சக்‌ஷன் இழுத்துக்கொள்ளட்டும். துணியில், டிரேயில், ஸ்பிட்டூனில் (நோயாளி துப்பும் தொட்டி) வைக்காதீர்கள். ஸ்பிட்டூனில் போனது கழிவுநீரில் போனது என்று அர்த்தம்.

அடைப்பு வந்த பிறகு அடியில் கருநீலமாக, சாம்பலாகப் பல் தெரியும். புதியவர்கள் இதைச் சொத்தை என்று நினைத்துத் தோண்டிக்கொண்டே போய் உயிர்ச்சதையைத் திறந்துவிடுவார்கள். அமால்கம் அரித்து வந்த கறை அது. எக்ஸ்கவேட்டரால் சுரண்டுங்கள். கெட்டியாக, காய்ந்து இருந்தால் விட்டுவிடலாம். மெத்தென்று பெயர்ந்தால்தான் சொத்தை. முன்பக்கம் தெரியும் பல்லில் கறை வெளியே நிழலடிக்கும் என்றால் மறைக்கும் நிறமுள்ள தளப்பொருளைப் போடுங்கள், பல்லைக் குறைக்காதீர்கள்.

7. டேமைக் கழற்றும் வரிசை

டேம் இருக்கும்போதே தண்ணீர் அடித்து, பெரிய சக்‌ஷனால் ஒரு நிமிடமாவது உறிஞ்சுங்கள். டேமின் மடிப்புகளில்தான் கலங்கல் தங்கும். உடனே புது அடைப்பு போடுவதானால் அதே டேமில் தொடரலாம், ஆனால் முதலில் வெளிக்கையுறையை மாற்றுங்கள்.

கழற்றும்போது ஓரங்களை மேல்நோக்கி மடித்து, உள்ளே இருப்பது சிந்தாமல் பை போலச் சுருட்டி எடுங்கள். பிறகு நாக்கின் அடியிலும் கன்னத்தின் கீழ்மடிப்பிலும் வெளிச்சம் அடித்துத் துணுக்கு தேடுங்கள். நோயாளி கொப்பளித்துத் துப்பும் தண்ணீரையும் சக்‌ஷனால் எடுப்பது நல்லது. ஈறுக்குள் துணுக்கு சிக்கி ஆறிவிட்டால் அங்கே நிரந்தரமாக ஒரு நீலக்கறை உண்டாகும். பின்னால் பார்க்கும் மருத்துவர் அதை மச்சம் என்றோ கட்டி என்றோ சந்தேகித்துச் சதை எடுத்துச் சோதிக்க நேரும்.

8. மாற்று அடைப்பு

இதில் ஒன்றே ஒன்று. அன்றே முடிக்காமல் தற்காலிக அடைப்பு போட்டு, பிறகு கம்பாசிட் (பல் நிறப் பிசின் அடைப்பு) வைப்பதாக இருந்தால் யூஜினால் (கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள்) கலந்ததைப் போடாதீர்கள். யூஜினால் கம்பாசிட் இறுகுவதைக் கெடுக்கும். ஜி.ஐ.சி. எனும் கண்ணாடி அயனோமர் சிமென்ட் போட்டு அனுப்புங்கள். பழைய அமால்கத்தின் அடியிலும் யூஜினால் தளம் இருந்திருக்கலாம், அதையும் சுத்தமாக எடுத்துவிட வேண்டும்.

9. கழிவு

பாதரசம் நோயாளியின் வாயை விட்டு வந்த பிறகு நடக்கும் தவறுகளே அதிகம்.

மஞ்சள் பையில் போடவே கூடாது. மஞ்சள் பை எரியுலைக்குப் போகும். எரித்தால் மொத்தப் பாதரசமும் புகையாக வெளியேறும். அதே காரணத்துக்காக அமால்கம் உள்ள, பிடுங்கிய பல்லை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமிநீக்கும் கருவி) வைக்காதீர்கள். கல்லூரிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறவைத்துக் கிருமிநீக்கம் செய்யலாம்.

டப்பாவில் சேர வேண்டியவை: எடுத்த துண்டுகள், அமால்கம் உள்ள பற்கள், அமால்கம் கலக்கப் பயன்படுத்திய கேப்சூல்கள், நாற்காலியின் வடிகட்டி வலையில் சிக்கியவை, சக்‌ஷன் மோட்டாரின் வடிகட்டியில் சேர்ந்த சேறு. வலையைக் குழாயடியில் தட்டிக் கழுவுவது உதவியாளர்களிடம் ஊறிய பழக்கம். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. ஒருமுறை பயன்படுத்தி அப்படியே டப்பாவில் போடும் வலையை மாட்டுங்கள். டப்பாவின் மூடி காற்றுப்புகாமல் இறுக வேண்டும். வெயில் படும் ஜன்னல் மேடையில் வைக்காதீர்கள், சூடு ஏறினால் ஆவியும் ஏறும்.

சக்‌ஷன் குழாயைப் பிளீச்சிங் கரைசலால் கழுவாதீர்கள். குளோரின், குழாயில் படிந்திருக்கும் அமால்கத்திலிருந்து பாதரசத்தைக் கரைத்து நீரில் விடும். கரைந்துவிட்டால் சாதாரண வடிகட்டி பிடிக்காது. பி.எச். 6 முதல் 8-க்குள் இருக்கும், குளோரின் இல்லாத திரவம் வாங்குங்கள். வசதி இருந்தால் ஐ.எஸ்.ஓ. 11143 தரத்திலான அமால்கம் பிரிப்பான் பொருத்துங்கள். அந்தத் தரம் குறைந்தது 95 சதவீதம் பிடிக்க வேண்டும் என்கிறது.

டப்பா நிறைந்ததும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உள்ள அபாயக் கழிவு நிறுவனத்திடம் ரசீதோடு கொடுக்க வேண்டும். பயோமெடிக்கல் வண்டியில் வருபவர் ‘கொடுங்க டாக்டர், நாங்க பாத்துக்கறோம்’ என்றால், அவர்கள் அதை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் கொடுக்காதீர்கள்.

அலமாரியில் பாட்டில் பாதரசமும் கல்வமும் இன்னும் இருந்தால் அதுவும் இதே வழியில் போகட்டும். கையால் அரைத்து, துணியில் வைத்துப் பிழிந்த காலத்துப் பொருள் அது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் 2022 முடிவு, பல் மருத்துவர்கள் பாதரசத்தைத் தனியாக வாங்கிக் கலப்பதற்கு இடம் தரவில்லை. அளவிட்டு அடைத்த கேப்சூல் மட்டுமே. இந்தியா 2018-இல் இந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடு.

10. பாதரசம் சிந்தினால்

உடைந்த கேப்சூல், கவிழ்ந்த பாட்டில் இரண்டுக்கும் ஒரே முறை. ஏசியை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், கதவை மூடுங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள். செருப்பில் ஒட்டி அடுத்த அறைக்குப் போய்விடும் என்பதால் சிந்திய பக்கம் நடந்தவர் செருப்பை அங்கேயே விட வேண்டும்.

துடைப்பம், ஈரத்துணி, வாக்யூம் கிளீனர் மூன்றும் கூடாது. துடைப்பம் ஒரு துளியை நூறாக்கும். வாக்யூம் அதைச் சூடாக்கி அறை முழுக்க ஊதும். கெட்டி அட்டை இரண்டால் துளிகளை ஒன்றுசேர்த்து, மருந்துச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, மூடியுள்ள டப்பாவில் விடுங்கள். விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் மீதித் துளிகள் மினுங்கும்; ஒட்டும் டேப்பால் எடுங்கள். டைல்ஸ் இடுக்கில் எஞ்சியதற்குத்தான் கந்தகப் பொடி. துளிகள் அப்படியே கிடக்க அதன் மேல் பொடியைக் கொட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போவது தவறு. பொடி, அட்டை, கையுறை எல்லாம் அதே டப்பாவுக்குத்தான்.

11. உடலில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால்

அமால்கம் ஆவிக்குச் சரியான சோதனை சிறுநீர்ப் பாதரசம், கிரியேட்டினினோடு (சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவுப்பொருள்) ஒப்பிட்டுச் சொல்லும் அளவு. தலைமுடிச் சோதனை மீனிலிருந்து வரும் மெத்தில் பாதரசத்தையே காட்டும். இரத்தச் சோதனையும் முந்தின நாட்களில் சாப்பிட்ட மீனால் ஏறியிருக்கலாம். முதலில் ஒரு மருந்தைக் கொடுத்துப் பாதரசத்தை வெளியேற்றவைத்து, அதன் பிறகு சிறுநீரை அளக்கும் சோதனையை மறுத்துவிடுங்கள். அப்படி எடுத்த எண்ணை ஒப்பிடுவதற்குச் சரியான அளவுகோல் கிடையாது, யாருக்கும் கூடுதலாகவே காட்டும்.

சாதாரண மக்களிடம் சிறுநீர் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் இருக்கும். பாதரசத்தோடு வேலை செய்பவர்களுக்கு அமெரிக்கத் தொழில்நல நிபுணர் அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச். வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு, ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 20 மைக்ரோகிராம். உதவியாளர்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மருத்துவரை மட்டும் சோதித்துவிட்டு, வடிகட்டி வலையைக் கழுவுகிறவரை விட்டுவிடுகிறார்கள்.

நோயாளிக்கு எண் அதிகமாக வந்தால் பல்லைக் குறை சொல்லும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சிவப்பழகு க்ரீம் போடுகிறாரா, ரசம் (பாதரசம்) அல்லது லிங்கம் (பாதரசத் தாது) சேர்ந்த செந்தூரம், பற்பம் போன்ற சித்த மருந்துகள் சாப்பிடுகிறாரா. லேபிளில் உற்பத்தியாளர் பெயர் சரியாக இல்லாத வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் இருப்பதும், அதனால் சிறுநீரகம் கெடுவதும் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அதை நிறுத்தாமல் எல்லா அடைப்பையும் எடுத்தாலும் எண் இறங்காது.

அடைப்பை எடுத்த பிறகு மறுசோதனைக்கு அவசரப்படாதீர்கள். எடுத்த சில நாட்களில் அளவு சற்று ஏறியே இருக்கும். உடலில் சேர்ந்த பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும் என்பதால், மூன்று மாதம் கழித்து, முதல் சோதனைக்கு எடுத்த அதே காலை நேரத்தில், அதே ஆய்வகத்தில் கொடுங்கள்.